நாலு வீட்டுக்கு ஒரு கதவு

பச்சை வாளி கண்டக்டர் அண்ணன் வீட்டுடையது. அதற்குப் பின்னால் ஜமீலாவின் பெயிண்ட் டப்பா. அடுத்து செல்வி வீட்டுச் சிவப்பு வாளி. கடைசியில் எங்களுடைய நீல வாளி. விடிந்தும் விடியாத வேளையில், எங்கள் காம்பவுண்டுக் குழாயடியிலிருந்து கழிவறைக் கதவு வரைக்கும் இவை வரிசையாக நிற்கும்.

வாளி வைத்தால் ஆளே நிற்பதாகக் கணக்கு. ஒருவர் வாளியை இன்னொருவர் நகர்த்தியதாக எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்கள்கூட இவ்வளவு நாணயமாக நடந்துகொள்வதில்லை.

அன்றைக்கு எங்கள் முறை வந்ததும், "தேனு, போயிட்டு வாடி" என்று மகளைக் கூப்பிட்டேன். தேன்மொழி அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"எனக்கு வேணாம்மா" என்றாள். "நான் ராத்திரியே தண்ணி குடிக்கல. காலையிலயும் குடிக்கல. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். பழகிடுச்சு."

ஏதோ பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள். நீல வாளியை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னாலேயே தெருமுனை வரை போனேன். திரும்பி வந்தேன்.

எந்த வீட்டுக்காரர்?

போன வாரம் இந்தத் தொடரில் ரயில்வே கேட் பக்கத்து வீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார். 'வீட்டுக்காரர் கோபக்காரர் என்று எழுதுகிறீர்களே, உங்கள் கணவரா, வீட்டுச் சொந்தக்காரரா?' நியாயமான கேள்விதான். இனிமேல் வீட்டுக்காரர் என்றால் என் கணவர். வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஓனர். இருவரில் யார் அதிகக் கோபக்காரர் என்பதைத் தொடரின் போக்கில் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தார்களே, அவர்கள் வாடகைக்குக் குடியிருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. விருத்தாசலத்தில் நாங்கள் பால் காய்ச்சிய வீடுகளை வரிசையாகச் சொன்னால் பால்காரரே அசந்துபோவார். ஒரு ஓனருக்கு ஆணி அடிக்கக் கூடாது. சுவாமி படத்தைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித்தான் தொங்கவிட்டோம். இன்னொருவருக்கு ஒரம்பரை, விருந்தாளி என்று யாரும் வரக் கூடாது. என் தம்பி பெண்ணாடத்திலிருந்து கரும்பும் வெல்லமும் கொண்டுவந்தால், வெல்லத்தில் பாதியை ஓனர் வீட்டில் கொடுத்த பிறகுதான் அவன் எங்கள் வீட்டில் காலை நீட்டிப் படுக்க முடியும். மற்றொருவர் காலை ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவார். சோப்பு நுரையோடு நின்ற என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பேசிய பேச்சை அச்சில் ஏற்ற முடியாது.

இவர்களோடெல்லாம் ஒப்பிட்டால் இந்த நாலு வீட்டுக் காம்பவுண்டின் ஓனரம்மா தங்கம்.

பெயர் ருக்மணியம்மா. கணவர் ரயில்வேயில் இருந்து காலமானவர். பிள்ளைகள் இல்லை. முன்பக்கத்துப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டுக்குள் அவருக்கென்று தனிக் குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. பின்பக்கத்தில் வரிசையாக நாலு சின்ன வீடுகள், அவற்றில் நாங்கள். தண்ணீருக்குக் குறை வைக்க மாட்டார். சத்தம் போட மாட்டார். கார்த்திகைக்குத் தன் கையால் அகல் ஏற்றி நாலு வாசலிலும் வைப்பார்.

ஆனால் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கழிவறை. அதன் கதவு முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். முற்றத்தில் கண்டக்டர் அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருப்பார், செல்வியின் கணவர் பைக் துடைத்துக்கொண்டிருப்பார். பதினாறு பதினேழு வயதுப் பெண் அத்தனை பேருக்கும் நடுவில் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும், வெளியே வரவேண்டும். அவளுக்கு உடம்பு கூசாதா?

உட்கார இடம் அனுப்பும் ஊர்

இதில் கொடுமை என்ன தெரியுமா? என் வீட்டுக்காரருக்கு வேலை பீங்கான் கம்பெனியில். கம்பெனி என்றால் பெரிய அளவில் நினைக்க வேண்டாம். செராமிக் எஸ்டேட்டில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன யூனிட்களில் ஒன்று. அங்கே செய்வது கழிவறைக் கோப்பைகள். அவர் சூளையில் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தார்.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தேன். என் மேஜைக்கு எதிரே வைக்கோல் சுற்றிய வெள்ளைக் கோப்பைகள் லாரி லாரியாக ஏறும். திருச்சிக்கு, சேலத்துக்கு, எங்கெங்கோ இருக்கும் புது அபார்ட்மென்ட்களுக்கு. எந்த ஊரில் யார் உட்காரப் போகிறார்களோ, அவர்களுக்காக நான் சரக்கு ரசீது எழுதிக்கொண்டிருப்பேன். என் மகளோ தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு வாரத்திலேயே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். நீர்த்தாரையில் கிருமி என்றார். மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரை பெரிய விஷயமில்லை, தண்ணீர் குடிக்கவேண்டும், வந்தால் அடக்கக் கூடாது என்றார். இப்படியே போனால் சிறுநீரகம் வரைக்கும் போகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டாள். திட்டினேன், கெஞ்சினேன். அவள் அழுதாளே தவிர சொம்பைத் தொடவில்லை. அழுதுகொண்டிருக்கிற பெண்ணிடம் வெட்கப்படாதே என்று சொல்வது சுலபம். அவளுக்கு வேண்டியது புத்திமதி இல்லை, ஒரு கதவு.

சிதம்பரத்துக் கதை

ஓனரம்மாவிடம் போய்க் கேட்டேன். இன்னொரு கழிவறை கட்டித் தாருங்கள், முடியாவிட்டால் நாங்களே எங்கள் செலவில் கட்டிக்கொள்கிறோம் என்றேன்.

முதல் பாதியைக் கேட்டபோது யோசித்தவர், இரண்டாம் பாதியைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டார்.

"மல்லிகா, குடியிருக்கறவங்க ஒரு கல்லு வச்சா, நாளைக்கு வூடே அவங்களுதுன்னு ஆயிடும். எனக்குத் தெரியும்மா. நீ கேக்காத."

பிறகுதான் கதை தெரிந்தது. சிதம்பரத்தில் அவர் அக்காவுக்கு ஒரு கடை இருந்தது. வாடகைக்கு வந்தவர் பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அக்காவும் சரி என்றிருக்கிறார். அந்தச் சுவரைக் காட்டியே அவர் வழக்குப் போட, அக்கா கோர்ட்டுக்கு நடந்து நடந்தே காலமாகிவிட்டார். கடை இன்னும் கிடைத்தபாடில்லை. பாலில் சூடுபட்ட பூனை மோரைக் கண்டாலும் பயப்படும். நான் என்ன சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

சரி, நீங்களே கட்டுங்கள் என்றால் அதற்கும் தடை இருந்தது. காலியாக இருப்பது ஈசானிய மூலை, அங்கே கழிவறை கட்டினால் குடும்பம் விளங்காது என்றார். வடமேற்கு மூலையில் இடம் இருக்கிறதே, செப்டிக் டேங்கும் அந்தப் பக்கம்தானே என்றேன். அங்கே வீடு கட்டியபோது மிஞ்சிய ஓடும், நிலைக்கட்டையும், உடைந்த ஆட்டுக்கல்லும் கிடந்தன. அது எதற்காவது ஆகும் என்றார். அந்த ஓடு அங்கே வந்த நாளிலிருந்து எதற்கும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

கண்டக்டர் அண்ணனின் மனைவி, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிடலாம் என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் அது வழக்கம். குறையை எழுதிக் கட்டிவிட்டால் முருகன் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லுவார். காணாமல் போன மாட்டிலிருந்து பாகப்பிரிவினை வரைக்கும் அவரிடம் போகும். அவருக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை இருக்கும், இந்தக் கக்கூஸ் பஞ்சாயத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனி ஓடிக்கொண்டிருந்தது

யோசனை வந்தது ஆபீஸில்தான். லாரி டிரைவர் ஒருவர், தன் தங்கை வீடு மாறவேண்டும், ஆடி பிறப்பதற்குள் வண்டி வேண்டும் என்று போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். சட்டென்று எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புதிதாகக் குடிவரவும் மாட்டார்கள். ஆனிக் கடைசியில் ஒரு வீடு காலியானால், ஆவணி பிறக்கும்வரை அதில் விளக்கெரியாது. ஒரு வீடு என்றால் ஓனர் தாங்குவார். நாலு வீடும் ஒரே நாளில் காலியானால்?

அன்று சாயங்காலம் குழாயடியில் மற்ற வீட்டுப் பெண்களிடம் சொன்னேன். செல்வி கர்ப்பமாக இருந்தாள். கர்ப்பிணி வீடு மாறக் கூடாது என்பார்களே என்று நான் தயங்கினேன். "வளைகாப்பு முடிஞ்சா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்கா, அவரு சட்டி சாமானத் தூக்கிக்கிட்டு எங்க வேணா போவட்டும்" என்றாள். ராத்திரியில் எழுந்து எழுந்து அந்தக் கதவுக்கு நடந்து அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது. ஜமீலா மங்கலம்பேட்டைக்காரி. பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வீடு எடுத்திருந்தாள், கணவர் துபாயில். "எங்களுக்கு ஆடியும் இல்ல, ஆவணியும் இல்லக்கா. ஆனா நீங்க போனா நானும் போவேன்" என்றாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வாடகைக்கு இருக்கிறவனுக்கு ரோஷம் ஆகாது என்றார். அந்தம்மா சரி என்று சொல்லிவிட்டால் ஆடியில் தெருவில் நிற்போமா என்று கேட்டார். கேள்வி சரிதான். நான் பார்த்து வைத்திருந்த வீடு ஆவணியில்தான் காலியாகும். நடுவில் ஒரு மாதத்துக்கு எங்களுக்குக் கூரை கிடையாது. தெரிந்துதான் காலை விட்டேன்.

இன்னொரு கழிவறை கட்டாவிட்டால் ஆனிக் கடைசியில் நாலு வீடும் காலி என்று நாலு வீட்டுப் பெண்களும் சேர்ந்து போய்ச் சொன்னோம். மரியாதையாகத்தான் சொன்னோம். ஓனரம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"தாராளமா போங்க" என்றார். "இந்த வூடு காலியா கெடந்ததா சரித்திரமே இல்ல."

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வாசலில் நின்று முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாளே கண்டக்டர் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நானும் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

நல்ல நேரம்

ஓனரம்மா சும்மா இருக்கவில்லை. கேட்டில் போர்டு மாட்டினார், புரோக்கரிடம் சொன்னார். உடனே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜங்ஷனுக்குப் பக்கம், தண்ணீர் வசதி, அமைதியான தெரு. வராமல் என்ன செய்வார்கள்?

இங்கேதான் ஓனரம்மா ஒரு தப்புச் செய்தார். அவர் எதைச் செய்தாலும் நாள்காட்டித் தாளைப் பார்த்துத்தான் செய்வார். அரிசி வாங்குவதுகூட நல்ல நேரத்தில்தான். வீடு பார்க்க வருபவர்களையும் காலை நல்ல நேரத்தில் வரச் சொன்னார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான், வருபவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். ஆனால் நாள்காட்டியில் காலை நல்ல நேரம் என்று போட்டிருக்கும் வேளை, எங்கள் முற்றத்தில் வாளி வரிசை நிறைந்து நிற்கும் வேளை.

முதலில் வந்தது பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பையனின் குடும்பம். அவன் அம்மா, புது மருமகள், கூட ஒரு சித்தி. மருமகள் பட்டுச்சேலையில் வந்திருந்தாள். ஓனரம்மா முன்னால் நடந்துவந்து, காற்றோட்டம், வெளிச்சம், காவிரித் தண்ணீர் தோற்றுப்போகும் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே முற்றத்துக்குள் நுழைந்தார். பையனின் அம்மா வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்னாங்க இது, தண்ணி லாரி வருதா?"

ஜமீலாவின் முறை நெருங்கியிருந்தது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மிகப் பணிவாகச் சொன்னாள்: "இல்லீங்க, பாத்ரூமுக்கு. அவசரம்னா நீங்க மொதல்ல போயிட்டு வாங்க."

சத்தியமாகக் கேலியாகச் சொல்லவில்லை. விருந்தாளிக்கு வழி விடுவது அவள் வளர்ப்பு. சித்திக்கு உண்மையிலேயே அவசரம் போலிருக்கிறது, செல்வியிடம் வாளி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் வெளியே வரும்வரை பேங்க் பையனின் அம்மா ஒவ்வொரு வாளியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார். இந்தப் பதில் பெண் பார்க்கப் போன இடத்தில் கிடைத்தால் என்ன அர்த்தமோ, வீடு பார்க்கப் போன இடத்திலும் அதே அர்த்தம்.

அடுத்து ஒரு டீச்சர், அப்புறம் மளிகைக்கடை வைத்திருக்கும் தம்பதி. எல்லோரும் நல்ல நேரத்தில் வந்தார்கள். எல்லோருக்கும் நாங்கள் வழி விட்டோம். யாரும் திரும்பி வரவில்லை. நாங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

ஆனி தேய்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் அண்ணன் வீட்டுச் சாமான்கள் குட்டியானை வண்டியில் ஏறிப் போய்விட்டன. போகும்போது அவர் மனைவி அழுதார், ஓனரம்மாவும் அழுதார். பூட்டிய கதவைப் பார்த்தபடி அவர் ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓனரம்மா வந்தார்

ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் நிழல் தட்டியது. ஓனரம்மா. நாங்கள் குடிவந்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை. நாற்காலி போட்டேன். உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் சுவர்களில் ஆணி இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டார். இல்லை. சாமான்கள் மூட்டை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். பாயில் படுத்திருந்த தேன்மொழியைப் பார்த்தார். அவளுக்கு மறுபடியும் காய்ச்சல்.

நான் ஓனரம்மாவுக்கு மோர் கொடுத்துவிட்டு, மகளுக்குச் சொம்பை நீட்டினேன். டாக்டர் சொன்னாங்கல்ல, குடி என்றேன். அவள் தலையைத் தூக்கி வாசல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள்.

"அப்பறம் குடிக்கறேம்மா. செல்வியக்கா வூட்டுக்காரரு வெளிய நிக்கறாரு."

ஓனரம்மாவின் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது. அவள் சொன்னது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்குத்தானா மல்லிகா கேட்ட? என்கிட்ட நீ புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லவே இல்லையே."

வயசுப்பெண் விஷயம், எப்படிச் சொல்வது என்றேன். அவர் சொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அதற்குமேல் எதுவும் சேர்க்கவில்லை. ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்பது லாரி ஆபீஸில் நான் கற்றது.

"கட்டலாம்" என்றார் கடைசியில். "ஆனா எனக்கு பயமா இருக்குதும்மா. எங்க அக்கா பட்டது போதும்."

"நாங்க ஒரு கல்லத் தொட மாட்டோம்மா" என்றேன். "செங்கல் நீங்க வாங்குங்க, கொத்தனாருக்குக் கூலி நீங்க குடுங்க, கோப்பையும் நீங்களே வந்து பாருங்க. வாடகையில கொஞ்சம் ஏத்திக்குங்க. எல்லாம் உங்களுதுதான். எங்களுக்குக் கதவத் தொறந்து மூட மட்டும் விடுங்க."

அவர் எழுந்து தேன்மொழி பக்கத்தில் போய் உட்கார்ந்து, சொம்பைத் தன் கையால் பிடித்து அவள் வாயில் வைத்தார். "குடி கண்ணு. நீ என் வூட்டுக்குள்ள வந்து போ, கதவு தொறந்துதான் இருக்கும். இங்க கட்டி முடிக்கற வரைக்கும் அங்கதான்" என்றார். அவள் குடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்க நான் முயலவும் இல்லை.

யாரும் தொடாத செங்கல்

ஆடி பிறந்தால் கல் வைக்க மாட்டார்களே. அதனால் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. ஓடும், நிலைக்கட்டையும், ஆட்டுக்கல்லும் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏறின. வடமேற்கு மூலை பளிச்சென்று ஆனது.

கோப்பை வாங்க ஓனரம்மாவை ஆட்டோவில் எஸ்டேட்டுக்கு அழைத்துப் போனேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்த என்னைப் பார்த்து என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. இருந்தாலும் கடமையாக ஒவ்வொரு கோப்பையையும் விரலால் தட்டிக் காட்டினார். வெள்ளையில் எத்தனையோ இருந்தன. ஓனரம்மா எல்லாவற்றையும் சுற்றிவந்து, மூலையில் இருந்த ரோஜா நிறக் கோப்பைக்கு முன்னால் நின்றுவிட்டார். நகைக்கடையில் நிற்கிற மாதிரியே நின்றார். அதுதான் வேண்டும் என்றார்.

வேலை நடந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் கொடுத்த வாக்கை மூன்று குடும்பங்களும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினோம். கொத்தனார் செல்வியின் கணவரிடம், தம்பி அந்தச் சாந்துச் சட்டியைக் கொஞ்சம் தள்ளு என்றார். அவர் மின்சாரக் கம்பியைத் தொட்டவர் போலத் துள்ளி விலகினார். நான் தொடக் கூடாதுங்க என்றார். கொத்தனார் ஏதோ தீட்டு என்று நினைத்துக்கொண்டார். ஒரு செங்கல் சரிந்து ஜமீலாவின் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாளே தவிர எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அறுபதைத் தாண்டிய ஓனரம்மா கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு செங்கல்லாகச் சுமந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே, ஒரு கை குடுங்களேம்மா."

"வேணாம்மா" என்றாள் ஜமீலா. "அப்பறம் வூடு எங்களுதுன்னு சொல்லிடுவோம்."

ஓனரம்மா ஜமீலாவை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை, செங்கல் குவியலிலேயே உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எடுத்துக்கடி, எடுத்துக்க. வூட்டோட என்னையும் சேத்து எடுத்துக்க" என்றார். அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. செங்கல் கைக்குக் கை மாறியது. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து கோப்பையைத் தன் கையாலேயே உட்கார வைத்தார். செல்வியைத் தவிர ஒருவரும் சும்மா நிற்கவில்லை. அவளையும் உட்கார வைத்துப் பாட்டுப் போடச் சொன்னோம்.

ஆடியில்தான் வேலை முடிந்தது. ஆடியில் கிரகப்பிரவேசம் செய்யலாமா என்று செல்வியின் கணவர் கேட்டதற்கு, இது கிரகம் இல்லையே, பிரவேசம் மட்டும்தானே என்றார் ஓனரம்மா. புதுக் கதவு முற்றத்தைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்துத் திறந்தது. அது அவர் யோசனைதான், நாங்கள் கேட்கவில்லை. கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஜமீலா சேமியா பாயசம் செய்து கொண்டுவந்தாள். கழிவறை திறப்புக்குப் பாயசம் குடித்தவர்கள் தமிழ்நாட்டில் நாங்களாகத்தான் இருப்போம்.

கண்டக்டர் அண்ணன் விட்டுப்போன வீட்டை ஆவணி பிறந்ததும் பார்க்க வந்தார்கள், நல்ல நேரத்தில்தான். ஓனரம்மா அவர்களைக் காற்றோட்டம் காட்ட அழைத்துப் போகவில்லை. நேராக ரோஜா நிறக் கோப்பையைக் காட்டினார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால், ஆடியிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேன்மொழி வாசற்படியில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் குடித்த தண்ணீரை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? இரண்டு கதவுக்கு முன்னாலும் ஆள் இல்லை. பழக்கம் விடாமல் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"தேனு, ரெண்டும் காலியா இருக்குது. சட்டுனு போயிட்டு வந்துடு."

அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இப்ப வேணாம்மா" என்றாள். "வேணுங்கறப்ப போயிக்கறேன்."

என் மகள் அவசரமே இல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.